யாருடைய நேரத்தில் நெகிழ்வு? தமிழகக் காவல்துறையின் ஆள்பலமும் பணி விதிகளும்

1. கேள்வி

ராஜா அண்ணாமலைபுரத்தின் கிரீன்வேஸ் சாலைக்கு இப்போது இரண்டு பெயர்கள். ஒரு பகுதி பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, மற்றொன்று டி.ஜி.எஸ். தினகரன் சாலை. ஊர் வாயில் இன்னும் கிரீன்வேஸ்தான். அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கும் அரசு பங்களாக்கள், மாநில மனித உரிமை ஆணையம், நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் மாநில நீதித்துறை அகாதமி, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் என்று சட்டத்தைப் படிப்பவர்கள், விளக்குபவர்கள், இயற்றுபவர்கள் எல்லாரும் ஒரே சாலையில் கூடியிருக்கிறார்கள். இந்த வாசல்களில் துப்பாக்கியோடு பாரா நிற்பவரைப் பக்கத்திலிருக்கும் அபிராமபுரம் காவல் நிலையத்தின் ஆள் என்று வழிப்போக்கர் நினைத்துக்கொள்ளக்கூடும். பெரும்பாலும் அவர் ஆயுதப்படைக்காரர். திருட்டுப் புகாரை எழுதி வாங்கவோ, வழக்கை விசாரிக்கவோ அவர் வரமாட்டார். அந்த வேலைக்கு நிலையத்தில் ஆள் போதவில்லை என்பது எல்லாரும் சொல்லும் குறை.

காவல்துறையில் ஆளை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய எண்ணிக்கையில் வைத்துக்கொள்ள முடியாமல் பணி விதிகள் தடுக்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்குப் பழகிப்போன இரண்டு பதில்கள் உண்டு. நிர்வாகத் தரப்பு, விதிகள் இறுகிக் கிடக்கின்றன, ஒரு காவலரை எடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது, தளர்த்தினால்தான் வேலை நடக்கும் என்கிறது. பணியாளர் தரப்பு, விதிகள்தாம் ஏவலாளைக் காவலராக்கின, அவற்றைத் தொடாதீர்கள் என்கிறது. இரண்டு தரப்பும் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கின்றன: இன்று நடப்பில் இருப்பது இறுக்கம் என்று. அந்த ஒப்புதலைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

2. விதி வந்த வழி

சென்னை மாகாணத்தில் 1859க்கு முன் நெகிழ்வுக்குக் குறைவே இல்லை. தாசில்தாரே வரி வசூலித்தார், அவரே காவல் பொறுப்பையும் பார்த்தார். அவருக்குக் கீழிருந்த சேவகர்கள் காலையில் வரி கேட்டுப் போவார்கள், மாலையில் திருடனைத் தேடுவார்கள். ஆள் மிச்சம், செலவு மிச்சம். இந்த ஏற்பாடு என்ன விளைவித்தது என்பதை 1855ஆம் ஆண்டின் சென்னை சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வரி பாக்கிக்காரரை வதைத்த கையே குற்ற ஒப்புதல் வாங்கவும் வதைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிப் படையாக்கியது. இந்திய அளவிலான 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் மூத்தது இது.

கடல் கடந்தும் கதை இதுதான். அமெரிக்க மாவட்டங்களில் ஷெரீப் என்பவர் தேர்தலில் வென்று வருபவர். அவருடைய துணை அலுவலர்களின் வேலை பல இடங்களில் அவருடைய தயவைச் சார்ந்திருந்தது. ஆள் மாறினால் படையும் மாறும். பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான். 1883இல் தேர்வு வழி நியமனத்துக்கான பெண்டில்டன் சட்டம் வந்தது. அது நடுவண் அரசு ஊழியர்களுக்கானது. மாநிலங்களும் மாவட்டங்களும் பிற்பாடு தத்தம் வேகத்தில் அதன் வழியே போயின. (சென்னைக்கும் ஒரு ஷெரீப் இருந்தார் என்பது இன்று பலருக்கு மறந்துபோயிருக்கும். அவரிடம் கௌரவம் இருந்தது, படை இல்லை.)

ஆகப் பணி விதி என்பது கோப்பு நேசர்களின் கண்டுபிடிப்பன்று. ஒரு தீமைக்கு எதிர்வினையாகப் பிறந்தது. அரசியலமைப்பின் 309ஆம் பிரிவின்படி அரசு பணி விதிகளை வகுக்கிறது. 311ஆம் பிரிவு, விசாரணை இல்லாமல் ஒரு அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்கிறது. அதற்கு விதிவிலக்குகளும் அப்பிரிவிலேயே உண்டு.

3. மூன்று வாசல்கள்

தமிழகக் காவலரின் பணி வாழ்வில் விதிகள் உண்மையிலேயே இறுகி நிற்பது மூன்று வாசல்களில்: நுழைவு, உயர்வு, வெளியேற்றம்.

நுழைவு வாசல் 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் கையில் இருக்கிறது. எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, இடஒதுக்கீட்டுச் சுழற்சி, முன்வரலாறு சரிபார்ப்பு எல்லாம் கடந்தால்தான் இரண்டாம் நிலைக் காவலர். அப்போதும் அவர் நேரே காவல் நிலையத்துக்கு வந்துவிடுவதில்லை. ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் பட்டாலியனிலோ சில காலம் கழித்த பிறகுதான் 'லோக்கல்'. பாரா நிற்பவரும் புகார் வாங்குபவரும் ஒரே துறையில் வெவ்வேறு உலகங்களில் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

வெளியேற்ற வாசலைக் காப்பது 1955ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். 3(ஏ) என்றால் சிறு தண்டனை, 3(பி) என்றால் பெரிய தண்டனை. காவலர் பேச்சில் இவை விதி எண்களாக இல்லை, வானிலை அறிக்கை போலப் புழங்குகின்றன: 'அவருக்கு த்ரீ பி வரும்போல இருக்கு' என்பார்கள்.

நடு வாசலான உயர்வில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் நிர்வாகத் தரப்பின் வாதத்துக்கு மிக வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது. நெடுங்காலம் நிலவிய கணக்குப்படி இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர். மேலும் 5 ஆண்டில் தலைமைக் காவலர், அதாவது ஏட்டு. மேலும் 10 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர், எஸ்.எஸ்.ஐ. காலியிடம் பார்த்துத் தரும் பதவி உயர்வன்று இது. காலம் பார்த்து ஆளோடு சேர்த்துப் பதவியையே உயர்த்துவது. ஒரே படிநிலையில் ஓய்வுபெற்ற முந்தைய தலைமுறையின் அவலத்தை இது துடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் ஆள்சேர்ப்பு சில ஆண்டுகள் நின்று, பிறகு ஒரே அலையாக நடந்தால், கால் நூற்றாண்டு கழித்து அந்த அலை எஸ்.எஸ்.ஐ. அலையாகவே கரை சேரும். நிலையத்தில் தோளில் நட்சத்திரம் உள்ளவர்கள் பெருகுவார்கள்; தபால் கொண்டுபோக, கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துச் செல்ல, இரவு ரோந்து நடக்க இளையவர்கள் குறைவார்கள். ஐம்பதைத் தாண்டிய எஸ்.எஸ்.ஐ. ஒருவரை இருசக்கர ரோந்துக்கு அனுப்ப எந்த விதியும் தடையில்லை. அவருடைய முழங்கால் தடை.

எனவே விதிகளே ஆள்பலத்தைக் கோணலாக்க முடியும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இக்கோணலின் வேர், உயர்வு விதியைவிட ஆள்சேர்ப்பின் ஒழுங்கின்மையில்தான் ஆழமாக இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆண்டுதோறும் ஓய்வுபெறுவோருக்கு ஈடாக ஆள் எடுத்துவந்தால் இதே விதி ஒரு சீரான படிக்கட்டைத்தான் தந்திருக்கும்.

4. வாசலுக்கு உள்ளே

மூன்று வாசல்களுக்கும் இடைப்பட்ட வெளியில் நிலைமை தலைகீழ். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. இந்தியக் காவல் நிர்வாகத்தின் மனப்போக்கை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு வாசகம் இல்லை. எட்டு மணி நேரம், வார விடுமுறை, மிகைநேரம் என்று தொழிற்சாலைத் தொழிலாளி போராடிப் பெற்ற சொற்களுக்கு அந்த வாசகத்தில் இடமே இல்லை. கேட்டுப் பெறச் சங்கமும் இல்லை. காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 1979இல் நாட்டின் பல பகுதிகளில் காவலர்கள் கிளர்ந்தெழுந்தபோது, இந்த மௌனத்துக்கு அடியில் என்ன புழுங்கிக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது.

இந்த வெளியில் நிர்வாகத்துக்கு இல்லாத நெகிழ்வு எது? காவலரை இன்று காலை பந்தோபஸ்துக்கு அனுப்பலாம், மாலை வேறு மாவட்டத் திருவிழாவுக்கு ஏற்றிவிடலாம். மாற்றுப் பணியைக் குறிக்கும் 'ஓ.டி.' என்ற இரண்டெழுத்தில், சம்பளம் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். தாளில் ஒரு நிலையத்தின் பலம் ஒன்று, ரோல் காலில் எண்ணினால் வேறொன்று. இந்த இடைவெளிக்கு மிகப் பழைய பெயர் ஆர்டர்லி, அதாவது அதிகாரியின் வீட்டு வேலைக்கு நிறுத்தப்படும் காவலர். தமிழகத்தில் ஆர்டர்லி முறை 1979இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் உயிரோடு இருக்க முடிந்ததென்றால், விதி இறுக்கமானது என்ற புகாரை எப்படி எடுத்துக்கொள்வது?

கிரீன்வேஸ் சாலையின் ஒரு வாசலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு பாரா, இருபத்து நான்கு மணி நேரமும். நாளுக்கு எட்டு மணி நேர முறை மூன்று என்றால் வாரத்துக்கு 21 முறைகள். வார விடுமுறை உள்ள ஒருவர் வாரத்தில் ஆறு முறை வருவார். 21ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை ஆள். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு சேர்த்தால் நாலைத் தொடும். மாறாக, பன்னிரண்டு மணி நேர முறை, விடுமுறை கிடையாது என்றால் இரண்டே ஆள் போதும். இரண்டுக்கும் மூன்றரைக்கும் உள்ள ஒன்றரை ஆள் எங்கே போனார்? எங்கும் போகவில்லை, நியமிக்கப்படவே இல்லை. அந்த இடத்தை நிரப்புவது, இருக்கும் இருவரின் தூக்கமும் குடும்ப நேரமும். நடைமுறையில் 'கார்டு' முறை இதைவிடச் சாமர்த்தியமானது: ஒரு ஏட்டும் மூன்று காவலர்களும் கார்டு அறையிலேயே தங்கி, இரண்டு மணி நேரம் நின்று, நாலு மணி நேரம் ஓய்ந்து, மறுபடி நிற்பார்கள். ஓய்வு என்று எழுதப்படும் நேரத்திலும் அவர்கள் வீட்டில் இல்லை.

என் கணக்கு ஒரு வாசலுக்கானது. நிலையங்களுக்கான கணக்கைக் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஐதராபாத்தின் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014இல் போட்டது. ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி கமல் குமார் தலைமையிலான அந்த ஆய்வின்படி, நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். 73.6 விழுக்காட்டினருக்கு மாதத்தில் ஒருமுறைகூட வார விடுமுறை வாய்க்கவில்லை. எட்டு மணி நேர முறைக்கு மாற, அனுமதிக்கப்பட்ட பலம் 1.68 மடங்காக வேண்டும் என்றும் அது கணித்தது. என் வாசல் கணக்கில் இரண்டு மூன்றரையாவது 1.75 மடங்கு. வெவ்வேறு வழியில் போட்ட கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இடைவெளியின் பருமன் தெரிகிறது.

இந்தப் பின்னணியில்தான் 2021ஐப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை காவலர்களின் பணிநேரம், ஊதியம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசியது. ஜூனில், முதல்வர் முதலானோர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று டி.ஜி.பி. உத்தரவிட்டார். செப்டம்பரில் சட்டமன்றத்தில் வார விடுமுறை அறிவிப்பு, நவம்பரில் அரசாணை. 2022 ஜனவரியில் நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் புதிய காவல் ஆணையம். 1969இல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையில் தொடங்கிய ஆணைய வரிசையில் இது பின்னையது. வார விடுமுறை அரசாணை பெரிய முன்னகர்வு. ஆனால் விடுமுறை தருவதும், அந்த விடுமுறையால் காலியாகும் முறைக்கு ஆள் தருவதும் வேறு வேறு அரசாணைகள். முதலாவது வந்துவிட்டது.

5. வாசலுக்கு வெளியே

உள்ளே இருப்பவர்களின் நேரம் தீர்ந்துபோகும்போது அரசுகள் வாசலுக்கு வெளியே ஆள் தேடுகின்றன. தமிழகம் இதற்கு மூன்று மாதிரிகளைத் தந்திருக்கிறது.

ஊர்க்காவல் படை 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தன்னார்வத் தொண்டு என்பதே அதன் அடிப்படை. 2015இல் உச்ச நீதிமன்றம் இமாச்சல் வழக்கொன்றில், ஊர்க்காவலர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர், ஆனால் முப்பது நாள் கணக்கிட்டால் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகும்படி நாள்படி தர வேண்டும் என்றது. தமிழகத்தில் நாள்படி 560 ரூபாய் ஆனது. முப்பதால் பெருக்கினால் 16,800. ஆனால் பணிநாள் மாதத்துக்கு ஐந்தாகச் சுருங்கியது. ஐந்தால் பெருக்கினால் 2,800. தீர்ப்பு விகிதத்தைப் பற்றிப் பேசியது, நிர்வாகம் பெருக்கும் எண்ணை மாற்றிக்கொண்டது.

காவல் நண்பர்கள் இயக்கம் 1993இல் ராமநாதபுரத்தில் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. மக்களைக் காவலுக்கு நெருக்கமாக்கும் நோக்கம்; நல்ல நோக்கம்தான். காலப்போக்கில் அது பல நிலையங்களில் ஆள் பற்றாக்குறைக்கு முட்டுக்கொடுக்கும் கையாக மாறியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, இத்தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையிலேயே மாநிலம் முழுவதும் அமைப்பு தடை செய்யப்பட்டது. ஆனால் மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றப்பத்திரிகை காவல்துறையினர் மீதே அமைந்தது. 3(பி) இல்லாத, 311 இல்லாத ஒருவரை நீக்க ஒரு தாள் போதும் என்பதால் அவர் முதலில் நீங்கினார். 1855இல் அறிக்கை எழுதியவர்கள் கண்ட சேவகரின் நிழல் இந்தக் காட்சியில் விழவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை. 2013இல் தனிச் சட்டத்தோடு பிறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள், மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியம். வாகனம் ஓட்டுதல், தபால், படம் பிடித்தல், ரோந்துக்குத் துணை போன்ற வேலைகள். ஓராண்டு பணிக்குப் பின் தனித் தேர்வு எழுதிக் காவலராகலாம் என்ற வாக்குறுதியும் உண்டு. இங்கேதான் விஷயம் சுவையாகிறது. நிரந்தரம் அல்லாத நெகிழ்வான படை என்று தொடங்கியது, நிரந்தரம் என்ற தூண்டிலை மாட்டித்தான் ஆள் பிடிக்க முடிந்தது. பிறகு அவர்களில் பெருந்தொகையானோர் இரண்டாம் நிலைக் காவலர்களாயினர், படையும் கரைந்தது. 2003 அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர்களின் கதையிலும் இதே வடிவம் உண்டு: அவசரத்துக்குத் திறந்த பக்கக் கதவு, நாளடைவில் முன் வாசலோடு சேர்ந்துவிடுகிறது.

உமாதேவி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் பக்கக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட முயன்றது: விதிப்படி வராதவருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை. சரியான கொள்கைதான், ஆனால் அதன் சுமை கதவைத் திறந்தவர் மேல் விழாமல் நுழைந்தவர் மேல் விழுந்தது. காவல் விஷயத்தில் இன்னும் கூர்மையான தீர்ப்பு 2011இல் வந்த நந்தினி சுந்தர் வழக்குத் தீர்ப்பு. மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் சத்தீஸ்கர் அரசு பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கித் துப்பாக்கி தந்ததை, அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தடுத்தது. ஆபத்து காவலருக்குச் சமம், பயிற்சியும் பாதுகாப்பும் சமமல்ல என்பது அதன் வாதத்தின் மையம். கொல்கத்தா மருத்துவமனைக் கொலை வழக்கில் காவலுக்கு உதவ எடுக்கப்பட்ட சிவிக் வாலண்டியர் ஒருவர் கைதான பின், 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் மேற்கு வங்கத்திடம், இவர்களை யார், எந்தச் சட்டப்படி, என்ன தகுதி பார்த்து எடுக்கிறார்கள் என்று கேட்டது. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் கேள்வி அதிகம் மாறவில்லை.

6. மேல் அடுக்கின் நெகிழ்வு

இதுவரை கீழ் அடுக்கைப் பார்த்தோம். மேலே நெகிழ்வுக்கு வேறு முகம். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபின் அதிரடிப்படையின் 752 பேருக்கும் ஒருபடி உயர்வும், தலா 3 லட்சம் ரூபாயும், வீட்டுமனையும் அறிவிக்கப்பட்டன. காட்டில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களுக்கு வெகுமதி கொடுப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பணமும் மனையும் கொடுப்பவரின் பையிலிருந்து போகின்றன, படி உயர்வோ உடன் பணியாற்றுபவரின் வரிசை எண்ணிலிருந்து போகிறது. பணி மூப்பு என்பது மற்றவர்களோடு சேர்த்து எழுதப்பட்ட பட்டியல் என்பதை வெகுமதி ஆணைகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, நிலையப் பொறுப்பு அலுவலர் முதல் மேலே வரை குறைந்தது இரண்டு ஆண்டு பணிக்காலம் என்றது. இடமாற்றங்களுக்கு ஒரு வாரியம் என்றது. தமிழகம் 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆயினும் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' என்ற தொடர் இடமாற்ற ஆணைகளில் இன்னும் செல்லுபடியாகிறது. தேர்தல் வரும்போதெல்லாம், ஒரே மாவட்டத்தில் மூன்றாண்டு முடித்த ஆய்வாளர்கள் கூட்டம் கூட்டமாக இடம் மாறுவது தனி. அது நல்ல காரணத்துக்காக வந்த விதி என்றாலும், பாதி விசாரித்த வழக்குகளோடு அவர்கள் போகிறார்கள். உச்சியிலும் இதே நிலைதான்: பொறுப்பு டி.ஜி.பி. என்ற ஏற்பாடே கூடாது என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டு இறுதியில் டி.ஜி.பி. ஓய்வுபெற்றபோது தமிழகத்தில் பொறுப்பு டி.ஜி.பி.யே நியமிக்கப்பட்டார்.

விதி தளர வேண்டிய இடம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். இணையப் பண மோசடியைப் பின்தொடரும் கணக்கியல், கணினி அறிவு ஆகியவை உயரமும் மார்பளவும் பார்த்து எடுக்கும் வாசல் வழியே போதிய அளவில் வராது. அங்கே குறிப்பிட்ட காலத்துக்கு, முழு ஊதியத்தோடு, கைது அதிகாரம் இல்லாமல் வல்லுநர்களை எடுப்பது நியாயம். இதற்கு இளைஞர் படை முன்மாதிரியாகாது. அங்கே நெகிழ்வு என்பதன் பொருள் குறைந்த கூலி என்றாகிவிட்டது.

7. எதை அளப்பது

ஆள்பலம் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை காவலர் என்ற விகிதத்தில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. அந்த விகிதம் அனுமதிக்கப்பட்ட பலத்தை மக்கள்தொகையால் வகுத்தது. ஓ.டி.யில் போனவர், பாரா நிற்பவர், பந்தோபஸ்தில் இருப்பவர் எல்லாரும் அதில் ஒரே எண்ணாகக் கலந்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களானபோதும் பேச்சு, எந்த நிலையம் யாருக்கு என்ற எல்லைக்கோட்டைப் பற்றியே அதிகம் நடந்தது.

நிலையத்தில் தினமும் எழுதப்படும் பணிப் பகிர்வுப் பட்டியல் இருக்கிறது. ரோல் காலில் வாசிக்கப்படுவது அதுதான். ஒரு மாதத்துக்கு அபிராமபுரம் போன்ற ஒரு நிலையத்தின் பட்டியலை எடுத்து, பெயர் பெயராக யார் எத்தனை மணி நேரம், எந்த வேலையில், வார விடுமுறை என்று எழுதிய நாளில் எத்தனை முறை திரும்ப அழைக்கப்பட்டார் என்று கூட்டினால், மூன்றரை ஆளின் வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பட்டியலை எழுதுபவர் ஸ்டேஷன் ரைட்டர், பெரும்பாலும் ஒரு ஏட்டு. அவருடைய மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.